சிபாப் மெஷினோடு கப்பல் பயணம்: அப்பாவை அழைத்துப் போகலாமா?

பொன்மலை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவையும் அம்மாவையும் சிங்கப்பூர் அழைத்துப் போகிறோம். தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான். எங்கள் எல்லோருக்குமாக நான்கு இரவு கப்பல் பயணம் ஒன்றையும் முன்பதிவு செய்துவிட்டான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது.

அப்பாவுக்கு 68 வயது. ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சிபாப் மெஷினை இரண்டு வருடமாக வைத்துத்தான் தூங்குகிறார். பரிசோதனையில் மணிக்கு 42 முறை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. மெஷினின் காற்றுப் பிரஷரை 11-இல் வைத்திருக்கிறார்கள். மெஷின் வந்த பிறகு காலைத் தலைவலி போயிற்று, பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் சொருகுவதும் போயிற்று. அம்மாவும் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

கப்பல் என்றதும் அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். "நாலு நாள்தானே, மெஷின் வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது" என்கிறார். மெஷின் இல்லாமல் வர நான் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் நானே வரவில்லை என்கிறார். கப்பலில் கரண்ட் எப்படி, காற்றை ஈரமாக்க மெஷின் தொட்டியில் ஊற்றும் தண்ணீருக்கு எப்படி, விமானத்தில் விடுவார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செந்தூரான்

அக்கா, நாலு இரவுதானே. என் பெரியப்பா ஊருக்குப் போகும்போதெல்லாம் மெஷினை விட்டுவிட்டுத்தான் போவார், ஒன்றும் ஆகவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்று நினைக்கிறேன். பெரியவரை வற்புறுத்த வேண்டாமே.

மதுரை ஸ்லீப் லேப்

செந்தூரான் தம்பி, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இது தவறான யோசனை. நான் பதினோரு வருடமாகத் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரவு முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்ப்பதுதான் என் வேலை.

மூச்சு பத்து விநாடியாவது நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோதான் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்போம். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் தீவிரம். சகோதரியின் அப்பாவுக்கு 42. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை தொண்டை அடைபட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூளை பதறி எழுப்பி, மறுபடி மூச்சு வருகிறது. ஒவ்வொரு தடவையும் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். மெஷின் இந்த நோயைக் குணமாக்கி விடுவதில்லை. காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எடுத்துவிட்டால் தொண்டை மறுபடி அடைபடும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு இரவிலேயே பழைய நிலை திரும்பிவிடும்.

ஒருக்களித்துப் படுப்பது சிலருக்குக் கொஞ்சம் உதவும். இந்த அளவு தீவிரத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. இன்னொன்று, கப்பலில் இரண்டாம் நாள் பினாங்கில் வெயிலில் நடப்பார், மாடிப்படி ஏறுவார். முந்தின இரவு சரியாகத் தூங்காத 68 வயதுக்காரருக்கு அது பெரிய பாடு. மெஷின் போகட்டும், அப்பாவும் போகட்டும். இரண்டும் முடியும்.

செந்தூரான்

புரிகிறது அண்ணா. இவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது. பெரியப்பாவிடமும் பேசுகிறேன்.

தூக்கம் திரும்பியவன்

நான் ஒன்பது வருடமாக மெஷின் வைத்திருப்பவன். கப்பலில் மூன்று முறை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை வரிசை இல்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தம்பியைக் கப்பல் நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் மருத்துவத் தேவை உள்ள பயணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். "பயணி சிபாப் பயன்படுத்துகிறார், கட்டில் பக்கத்தில் மின் இணைப்பு அல்லது எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டும், நான்கு இரவுக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும்" என்று முன்பதிவு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் ஏமாந்தேன். "எல்லாம் சொல்லியாச்சு சார்" என்றார் அவர். கேபினுக்குப் போனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மெஷினைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். விமானத்திலும் சரி, கப்பலிலும் சரி. துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகும், சில சமயம் இரவுச் சாப்பாடும் தாண்டும். மெஷின் தோளில் இருக்கட்டும். கூடவே மருத்துவர் கடிதம் ஒன்று: நோயின் பெயர், மெஷின், பிரஷர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். விமான நிலையச் சோதனையில் மெஷினை வெளியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொல்லலாம். எத்தனையோ செருப்பு கிடந்த ட்ரே அது. ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் மெஷினைப் போட்டு வையுங்கள், பையோடு வைக்கலாம். தண்ணீர்த் தொட்டியை முதல் நாளே காலி செய்து துடைத்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் மீதி இருந்து மெஷின் சாய்ந்தால் உள்ளே மோட்டாருக்குப் போய்விடும்.

மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் மெத்தைப் பகுதியான குஷன் இன்னொன்று உபரியாக எடுத்துப் போங்கள். நடுக்கடலில் அது கிழிந்தால் கடை கிடையாது. கப்பலில் மருத்துவமனை உண்டு, ஆனால் உங்கள் அளவு மாஸ்க் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. கூச்சம் எனக்கும் இருந்தது. முதல் வருடம் உறவினர் வீட்டில் தங்கவே மாட்டேன். 1981-இல் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் சிட்னியில் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு இரவும் மாஸ்க்கை மூக்கில் பசை போட்டு ஒட்டித் தூங்கினார்களாம். அதைப் படித்த பிறகு என் பட்டை மாஸ்க்கைப் பார்த்து எனக்கு நன்றிதான் வந்தது.

பொன்மலை மகள்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிகவும் நன்றி அண்ணா. மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். வீட்டில் நல்ல ஸ்பைக் கார்டு இருக்கிறது, ஆறு ப்ளக், சுவிட்சோடு. மெஷினுக்குப் பாதுகாப்பாக இருக்குமே, அதையே எடுத்துப் போகலாமா? எக்ஸ்டென்ஷனுக்கு அவர்களைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

நாகைக் கடலோடி

தங்கச்சி, அதை மட்டும் எடுத்துப் போகாதே. இருபத்தாறு வருடம் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போர்டிங் சோதனையில் எக்ஸ்ரேயில் தெரிந்தவுடன் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். காரணம் தெரிந்தால் கோபம் வராது.

வீட்டில் நமக்கு வரும் இரண்டு வயரில் ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை. இரண்டு வயரும் கப்பலின் இரும்பு உடம்போடு சேராமல் தனித்து நிற்கும், இரண்டிலும் மின்சாரம் உண்டு. எங்காவது ஒரு வயர் உடம்பில் பட்டாலும் கப்பல் இருளில் மூழ்கக் கூடாது, ஸ்டியரிங் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இப்போது உன் ஸ்பைக் கார்டை யோசி. அதற்குள் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்னப் பாகம் உட்கார்ந்திருக்கிறது, மின்னழுத்தம் ஏறினால் எர்த்துக்குத் திருப்பிவிட. கப்பலில் எங்கோ ஒரு கேபினில் வயர் உடம்பில் பட்டால், எர்த்துக்கும் மற்ற வயருக்கும் இடையே உள்ள அழுத்தம் உடனே கூடும். அந்தச் சின்னப் பாகம் சூடேறும். ஸ்பைக் கார்டின் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும், மற்ற வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். 2013-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றியே தனி எச்சரிக்கை வெளியிட்டது. கப்பலில் தீ என்றால் எங்கே ஓடுவது? அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஸ்பைக் பாதுகாப்பு இல்லாத சாதாரண ஜங்ஷன் பாக்ஸையும் இப்போது பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கப்பலில் கேட்டால் அவர்கள் சோதித்து வைத்திருக்கும் வயரைத் தருவார்கள். அதுதான் சரி.

ப்ளக் விஷயம். கேபினில் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைக் கால் சாக்கெட் 110 வோல்ட்டிலும், ஐரோப்பிய இரண்டு உருண்டைக் கால் சாக்கெட் 220 வோல்ட்டிலும் இருக்கும். மெஷினின் அடாப்டரில் 100-240 என்று அச்சடித்திருக்கிறதா பார். இருந்தால் எதில் வேண்டுமானாலும் சொருகலாம், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். நம் ஊர் மூன்று கால் ப்ளக்தான் எங்கேயும் பொருந்தாது. அதற்கு மாற்றி மேல் மாற்றி போட்டு ஆட்டம் காண வைக்காதே. பெரும்பாலான அடாப்டர்களில் சுவர்ப் பக்கத்து வயர் தனியாகக் கழன்று வரும். அதே வகையில் அமெரிக்கக் கால் உள்ள வயர் ஒன்று வாங்கிவிடு, சிங்கப்பூரில் எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும்.

சாக்கெட் பெரும்பாலும் கண்ணாடி மேஜைப் பக்கம்தான் இருக்கும், கட்டிலுக்கு எட்டாது. நடைபாதைக்குக் குறுக்கே வயர் போகாமல் சுவரோரமாக விடச் சொல். இரவில் அம்மா எழுந்தால் கால் தடுக்கக் கூடாது. மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வை, தொட்டியில் தண்ணீரை அதிகபட்சக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்து. கப்பல் ஆடும்போது தண்ணீர் குழாய் வழியாக மூக்குக்கு வரக் கூடாது.

ஈப்போ வாசி

வணக்கம். தண்ணீருக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் எங்கள் மலேசியாவிலும் கடைகளில் குடிதண்ணீர் பாட்டிலிலேயே டிஸ்டில்டு என்று போட்டு விற்கிறார்கள், லேபிளைப் பார்த்து வாங்கினால் போதும். கப்பல் ஏறும் முன் தம்பியை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெளித் தண்ணீரைக் கப்பலுக்குள் விடுவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மருத்துவக் கடிதத்தைக் காட்டினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

தீர்ந்து போனாலும் பினாங்கில் வாங்கலாம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் தெரு மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது, 1833-இல் எழுந்த கோயில். உங்கள் அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது. அந்தத் தெருக்களில் தமிழிலேயே பேசி எல்லாம் வாங்கலாம்.

பொன்மலை மகள்

கோயில் இருக்கிறது என்றதும் அம்மா முழுதாக என் பக்கம் வந்துவிட்டார்! ஈப்போ வாசிக்கு நன்றி. தண்ணீர் பற்றி இன்னும் ஒன்று கேட்கிறேன். இங்கே வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து ஊற்றுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரே டிஸ்டில்டு வாட்டர்தான், மலிவு என்கிறார். கப்பல் குழாய்த் தண்ணீரும் கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது என்று படித்தேன். அப்படியானால் அதையே ஊற்றலாமா?

மதுரை ஸ்லீப் லேப்

பேட்டரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது பேட்டரிக்காகத் தயாரித்தது, மனிதர் மூச்சுக்குள் இழுப்பதற்கான சுத்தம் அதில் உறுதி கிடையாது. கேனில் எத்தனை நாள் எப்படிக் கிடந்தது என்பதும் தெரியாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. அந்த உப்புத்தான் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அவசரத்துக்கு ஓரிரு இரவு கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றினால் மெஷின் பாழாகிவிடாது. தொட்டியைத் தினமும் கழுவிக் காயவைத்தால் சரி. கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீர் எந்த ஊரிலும் வேண்டாம்.

தண்ணீரே கிடைக்காவிட்டால் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரை அணைத்துவிட்டு வெறும் காற்றோடு போடுங்கள். மூக்கும் தொண்டையும் காயும், சிகிச்சை குறையாது. தண்ணீர் இல்லையே என்று மாஸ்க்கைக் கழற்றி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

வாந்தி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் என்றால், குமட்டல் வந்தவுடன் கழற்றிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள். ஒரு கையால் கழற்றிப் பழகட்டும். வாந்தி நிற்க நம் ஊரில் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தை ஆழமாக்கும். அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். அப்பாவுக்குத் தேவைப்படாது, வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாகைக் கடலோடி

கப்பல் குழாய்த் தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன். கடல்நீரைக் காய்ச்சியோ சவ்வு வழியாக அழுத்தியோ எடுப்பது உண்மைதான். எடுத்த தண்ணீர் அப்படியே குழாய்க்கு வராது. தாது உப்புகளைச் சேர்த்து, குளோரின் கலந்துதான் தொட்டிகளுக்கு அனுப்புவோம். குடிக்க நல்ல தண்ணீர். உன் மெஷினுக்கு அது டிஸ்டில்டு வாட்டர் ஆகாது.

வேலூர் குமரன்

நடுக்கடலில் கரண்டே போய்விட்டால் என்ன செய்வது? 2013-இல் கார்னிவல் டிரையம்ப் கப்பலில் இன்ஜின் அறையில் தீப்பிடித்து, மெக்சிகோ வளைகுடாவில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் மிதந்ததே. பேட்டரி எடுத்துப் போக வேண்டாமா?

நாகைக் கடலோடி

அப்படி நடப்பது மிக அபூர்வம் தம்பி. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான். பயணிகள் கப்பலில் அவசரகால ஜெனரேட்டர் 36 மணி நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அது அவசர விளக்கு, தீயணைப்புப் பம்ப், தகவல்தொடர்பு போன்றவற்றுக்கு. கேபின் சாக்கெட்டுக்கு அதிலிருந்து வரும் என்று எதிர்பார்க்காதே.

பேட்டரி வாங்குவதென்றால் மெஷினுக்கென்றே விற்பதை வாங்கு. செல்போன் பவர் பேங்க் 5 வோல்ட், அது இதை ஓட்டாது. விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பெரிய பெட்டியில் போடவே கூடாது. நான்கு இரவுப் பயணத்துக்கு அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றி, தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கட்டும். செந்தூரான் சொன்னது அந்த நேரத்துக்குப் பொருந்தும்.

பொன்மலை மகள் (ஐந்து வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம்! அப்பாவும் மெஷினும் பத்திரமாகத் திருச்சி வந்து சேர்ந்தாயிற்று. நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோனேன், ஒவ்வொன்றும் உதவியது. நடந்ததை எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்தில் மெஷினை வெளியே எடுக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பையோடு ட்ரேயில் வைத்தோம். கடிதத்தைக் கேட்கக்கூட இல்லை. நான்கு மணி நேரம்தான் பறந்தது, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தபடி அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தார்.

மரீனா பே துறைமுகத்தில் வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் பெட்டியில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டார்கள். நாகை அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

கேபினில் எக்ஸ்டென்ஷன் வயர் கட்டில் மேல் தயாராக இருந்தது. தண்ணீர்தான் இல்லை. தம்பி அச்செடுத்த மின்னஞ்சலைக் காட்டினான். கேபின் பார்த்துக்கொள்ளும் பையன் மிகவும் பணிவாகப் பேசினான், ஆனால் பாட்டில் வரும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. நாங்கள் வாங்கியிருந்த பாட்டிலைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன், அது என் தப்பு. பெட்டி வந்தபோது இரவு ஒன்பதரை, அதற்குள் அப்பா தூங்கிவிட்டார். முதல் இரவு ஹ்யூமிடிஃபையர் அணைத்த மெஷின்தான். காலையில் மூக்கு காய்ந்துவிட்டது என்றார், தலைவலி இல்லை என்றும் சொன்னார். மதுரை அண்ணா, நீங்கள் எழுதியிராவிட்டால் அன்று இரவு நான் அழுதிருப்பேன்.

வயர் சொருகுவதில் ஒரு விஷயம். அவர்கள் தந்த எக்ஸ்டென்ஷனில் அமெரிக்கத் துளை மட்டும்தான். தட்டைக் கால் வயர் வாங்கி வைத்திருந்ததால் நேராகப் பொருந்திற்று. கட்டிலடியில் சுவரோரமாக விட்டோம். மெஷினுக்கு மேஜையில் இடமில்லை, ஒரு துண்டை மடித்துத் தரையில் போட்டு வைத்தோம். புக்கெட்டிலிருந்து திரும்பும் இரவு கொஞ்சம் ஆட்டம் இருந்தது. தொட்டி பாதிதான் நிரப்பியிருந்தோம், ஒரு சொட்டுகூடக் குழாய்க்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. என் மகள் தாத்தாவோடு அதே கேபினில் மேல் படுக்கையில் தூங்கினாள். ஏழு வயது. மாஸ்க் போட்ட தாத்தாவை அவள் முதல் தடவை பார்க்கிறாள். "தாத்தாவுக்கு யானைத் தும்பிக்கை" என்று சொல்லி, மறுநாள் இரவு அவளே குழாயைப் பிடித்து மாட்டிவிட்டாள். அப்பா அந்தக் கூச்சத்தை அங்கேயே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு மெஷினை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே போவதாகச் சொல்கிறார்.

குவீன் தெரு கோயிலில் அம்மா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார், ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

தூக்கம் திரும்பியவன்

படித்து மனசு நிறைந்தது சகோதரி. அந்தத் தட்டைக் கால் வயரை மெஷின் பையிலேயே போட்டு வையுங்கள், வீட்டில் தேடினால் அடுத்த முறை கிடைக்காது.

செந்தூரான்

அக்கா, பெரியப்பாவைப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். பழனிக்குப் போனபோது மெஷினோடு போனார். விடுதி அறையில் சாக்கெட் கட்டிலுக்கு எட்டவில்லை, கட்டிலைத்தான் நகர்த்திப் போட்டோம்.